அறுபத்தொரு நாள்

டப்பாவின் விலாவில்
எறும்புச் சாரை மாதிரி எழுத்து.
என் கண்ணாடிக்கு எட்டவில்லை.
மருந்துக்கடை ரீகன்தான் வாசித்துச் சொன்னான்:
இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்ததுக்கா.
இறால் ஒத்துக்காதவங்க சாப்பிடக் கூடாதாம்.

நான் என் கையைப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷம்
மண்டபம் ஷெட்டில் இறால் உரித்த கை.
நகக்கண் வெடித்து
உப்புத் தண்ணி பட்டால் சீறுகிற கை.
ஒத்துக்கொள்கிறதா என்று
அதை யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறு மாத்திரை, ஆயிரத்து நூற்றெண்பது.
ஒன்றுக்குப் பதிமூன்று ரூபாய்.
ஏறக்குறைய ஒரு கிலோ உரித்த கூலி.
தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி
கூடையில் எறிவேன்.
சாயங்காலம் லாரி வந்து அள்ளிப் போகும்.
கோழித் தீவனத்துக்கு என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
அதில் கொஞ்சம் எங்கெங்கோ சுற்றி
வெள்ளைப் பொடியாகி
மினுக்கிக்கொண்டு
என் முட்டிக்கே திரும்பியிருக்கிறது போல.
எறிந்ததைக் காசு கொடுத்து வாங்குவது
எனக்கொன்றும் புதிதில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து
தேய்மானம் என்றார்.
இந்த மாத்திரை கேட்குமா என்றேன்.
சிலருக்குக் கேட்கிறது என்கிறார்கள்.
சும்மா மாவுருண்டை கொடுத்தாலும்
சிலருக்குக் கேட்கிறது.
வாங்கிவிட்டீர்கள், மூன்று மாசம் போட்டுப் பாருங்கள்,
கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.
நிற்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
கடைசியாகச் சொன்னதை மட்டும்
சீட்டில் எழுதவில்லை.

பங்குனி முடிகிறபோது ஆரம்பித்தேன்.
நாலாம் நாள் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையில் கயிறு கட்டி நின்றன,
ஷெட்டுக்குப் பூட்டு.
ஐஸ் தண்ணியில் எட்டு மணி நேரம்
கொக்கு மாதிரி நிற்கிற பொழைப்பு நின்றது.
காலை நீட்டி உட்கார்ந்து
வெங்காயம் உரித்தேன். சிரிப்பு வந்தது.

முப்பத்து மூன்றாம் நாள்
மாதா கோயிலில் முழந்தாள் போட்டவள்
தூணையும் பிடிக்காமல்
பக்கத்து ஆள் தோளையும் பிடிக்காமல்
எழுந்துவிட்டேன்.
பூசை முடிவதற்குள்
இன்னொரு தரம் முழந்தாள் போட்டுப் பார்த்தேன்.
கடவுள் மன்னிப்பார்,
அது செபமில்லை, சோதனை.

ஜைத்தூனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.
எனக்குப் பக்கத்து மேஜைக்காரி,
என்னைவிட மோசமான முட்டி.
எனக்குந்தான் ஒரு மாசமா வலியக் காணோம் என்றாள்.
நீ என்ன போட்டாய்?
ஒன்றும் போடவில்லை.
வட்டிக்கு ஐயாயிரம் வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்.

அப்புறம் நான் பேசவில்லை.
அன்றைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்
ஒன்றை விழுங்கினேன்.
காசு கொடுத்தாயிற்றே.

ஆனி பிறந்தது. படகு போனது. இறால் வந்தது.
ஷெட் திறந்த ஐந்தாம் நாள் ராத்திரி
முட்டிக்குள் பழைய ஆள்
பாயை விரித்துக்கொண்டு படுத்துவிட்டான்.
டப்பாவில் இன்னும் இருபத்தொன்று.

பத்தை ஜைத்தூனுக்குக் கொடுத்தேன்.
மோந்து பார்த்து
வாடையே இல்லையேடி, ஏமாத்துக்காரன்
என்றாள். முந்தானையில் முடிந்தும்கொண்டாள்.

மாத்திரை கேட்டதோ இல்லையோ,
மறுநாள் நாங்கள் கேட்டோம்.
ஆளுக்கொரு ஸ்டூல் வேணும் சார்.
மேஜை உசரம் அதுக்குத் தோதுப்படாதும்மா
என்றார் கிருபாகரன் சார்.
தோதான மேஜை என்ன விலை
என்று கேட்டாள் ஜைத்தூன்.
அவர் வாசலைப் பார்த்தார்.
லாரி வந்திருந்தது.
ஓட்டை எடை போட
இரண்டு பேர் வாங்க என்றார்.