இருப்புப் பேரேடு, பக்கம் 41

செட்டிநாடு விமானத்தளம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்று, ஆடி எட்டு.
உருப்படி: விமான எதிர்ப்புப் பீரங்கி, இழுவை, இலகு ரகம். ஒன்று.

இலகு என்றார்கள், எழுதினேன்.
எடை இரண்டு டன்னுக்கு மேல்.
கானாடுகாத்தான் முக்கில் லாரி திரும்பியபோது
பின்னால் வந்த நாலு சக்கரமும்
சாக்கடைக் கல்லைப் பெயர்த்துவிட்டன;
அதற்குத் தனிச் சீட்டு.

குழாய், ஏழேகால் அடிக்குச் சற்றுக் கூட.
வாய், ஒன்றரை அங்குலமும் அரை நூலும்.
என் இரண்டு விரல் நுழைந்தது.
எண்ணெய் ஒட்டிக்கொண்டது, பேரேட்டிலும்.

கால்களை விரித்துச் செம்புறாங்கல்லில் ஊன்றி
குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினான்
நாசரேத்துத் தேவசகாயம்.
கொத்தனார் பார்க்கிற அதே குமிழிதான்.

தோட்டா நாலு நாலாக, மேலிருந்து போடவேண்டும்.
நிமிஷத்துக்கு நூற்றிருபது.
குண்டு ஒன்று இரண்டு ராத்தல்.
வட்டி போட்ட கை சும்மா இருக்குமா,
இருநூற்று நாற்பது ராத்தல் என்று ஓரத்தில் குறித்தேன்.
"அம்புட்டு நேரம் சுட்டா குழாய் தாங்காது, அண்ணாச்சி."
மாற்றுக் குழாய் ஒன்று. அதையும் ஏற்றினேன்.

குறி தப்பிய குண்டு
ஏழு விநாடியில் தானே வெடித்துத் தீர்ந்துவிடுமாம்.
இல்லையென்றால் உங்கள் ஊர் ஓட்டின்மேல்தானே விழும் என்றான்.
மொகல் தெருப் பெட்டகத்தில் நான் விட்டுவந்த
புரோநோட்டுகளுக்கு அப்படி ஏற்பாடு இல்லை.
வாங்கியவன் இருக்கிறானா தெரியாது,
வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்று ரங்கூனில் எல்லாரும் தெருவில் நின்று
விமானங்களை எண்ணினோம்.
அடைக்கப்பன் உரக்க எண்ணினான்.
இருபத்தேழு வரை கேட்டது.

அப்போது இது எங்கே இருந்தது என்று கேட்க
பேரேட்டில் கட்டம் இல்லை.

மேல்நோக்கித் தொண்ணூறு பாகை.
கீழ்நோக்கி ஐந்து.

"கீழே எதுக்கப்பா?"

அவன் பதில் சொல்லாமல் கைப்பிடியைச் சுற்றினான்.
குழாய் வானத்தை விட்டு இறங்கியது,
பனை உச்சி, பனை நடு,
கண்மாய்க் கரை,
கரைமேல் வைக்கோல் வண்டி.

வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான்.
தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நின்றான்.

"வர்றவன் எல்லாம் வானத்துலயா வர்றான், அண்ணாச்சி?"

குறிப்பு என்ற கட்டத்தில்
'இயக்கிப் பார்க்கப்பட்டது, சரி' என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
வண்டி இன்னும் நகரவில்லை.