கழித்தபின்

ஊபி, மூன்றாம் மாடி. கீழே கார்ப் பட்டறை.
கஸ்தூரி ராஜரெத்தினம் இரவுப் பணி முடித்து
தாதியர் சீருடையோடே வந்து பாடிவிட்டுப் போனாள்.
பதினொரு டேக்.

முதலில் அடியில் கிடந்த ஏர்கான் முனகலை அறுத்தேன்.
பிறகு மூச்சுகளை, ஒவ்வொன்றாக,
மீனில் முள் எடுப்பதுபோல்.
சகரம் சீறியது; அடக்கினேன்.
‘பொழுது’ என்ற இடத்தில் சுருதி
மயிரிழை கீழே நின்றது, தூக்கிவிட்டேன்.
கம்ப்ரஸரில் கத்தலும் கிசுகிசுப்பும்
ஒரே உயரமாயின,
காலை எம்ஆர்டிக்கு வரிசை பிடித்தவர்கள் மாதிரி.
கடைசியாக, அவள் நின்றே இராத
ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலி.

அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் பதில்:
“நல்லா இருக்கு அண்ணே. யார் பாடினது?”

சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.
மண்டபத்தை அணைத்தேன்.
அவள் பாடிய ட்ராக்கைத் தலைகீழாக்கி
நான் செய்ததன்மேல் வைத்தேன்.
இரண்டிலும் இருந்தது அழிந்தது.
மிச்சம் கேட்டது:

நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம்.
பட்டறையில் விழுந்த ஸ்பேனர்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள்
மூச்சு வாங்கும் இடங்கள்.
‘பொழுது’ இறங்கிய அந்த இறக்கம்.

கஸ்தூரி_இறுதி_2 என்று
புதுக் கோப்பு திறந்தேன்.
மூச்சுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஸ்பேனரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.