பன்னிரண்டுக்கு எட்டு

செக்காலை ரோட்டில் போன கரண்ட் திரும்பி வந்த மதியம்
இரண்டு வேலை ஒன்றாக வந்தன.

ஒன்று, பன்னிரண்டுக்கு எட்டு ஃப்ளெக்ஸ்.
‘மண்ணின் மைந்தன், கபடிப் புயல்
சேவுகராஜை வருக வருகவென...’
கீழே நாற்பத்தியோரு முகங்கள், தபால்தலை அளவில்.
ஒருத்தர் விடுபட்டாலும் கடைக்கே வந்து சண்டை பிடிப்பார்கள்.

இன்னொன்று, போஸ்ட்கார்டு சைஸ், மூன்று காப்பி.
மகளிர் ஸ்டேஷனுக்கு, வக்கீலுக்கு, தன் கைக்கு.
துப்பட்டாவை விலக்கி ஸ்டூலில் உட்கார்ந்தவள்
சோலைவள்ளி. அவன் மனைவி.
இடது கண்ணுக்குக் கீழே
நாவல்பழம் நசுங்கிய நிறம்.

எல்லோரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டுவிட்டேன்:
“கண்ணுக்குக் கீழ கருப்பை எடுத்துடவா?”
பழக்கதோஷம்.
கல்யாண ஆல்பம், வரன் போட்டோ, கண்ணீர் அஞ்சலி,
எல்லா முகத்தையும் கழுவித் தருகிறவன் நான்.
“அதுக்குத்தாண்ணே படமே எடுக்கிறேன்” என்றாள்.
“அது இருக்கட்டும்.”

அறுபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
ஃப்ளெக்ஸுக்கு அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

சொல்லிவிடுகிறேன், நானும் விசில் அடித்தவன்தான்.
கல்லல் பொட்டலில், டியூப்லைட் வெளிச்சத்தில்,
ஐந்து பேர் அவன்மேல் குவிந்து கிடக்க
அந்த வலது கை மட்டும் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டிப்
போய் நடுக்கோட்டைத் தொட்டதே,
தொண்டை கட்டி மூன்று நாள் எனக்குப் பேச்சு வரவில்லை.
அந்தக் கையைப் பற்றி
நான் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான்.

டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது:
விளையாட்டு வேற, வீடு வேறப்பா.
அவளுக்கும் வாய் நீளம்.
கோபம் இல்லாதவன் ரெய்டு போக முடியுமா?
கிளப்பும் தண்டித்தது, இல்லையென்று சொல்லக்கூடாது.
இரண்டு மேட்ச் தடை.
ஒன்று மழையில் நின்றுபோனது.
அடுத்ததற்கு வேறொரு ரெய்டருக்குக் கால் பிசகியதில்
அவனையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நடுவரிடம் எகிறினால் மஞ்சள் அட்டை,
இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும்.
கட்டைவிரல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அவுட்.
ஸ்டேட் பிளேயர் ஆயிற்றே என்று
கோட்டை யாரும் தள்ளிப் போட்டு நான் பார்த்ததில்லை.

அவனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை.
ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டால்
சோற்றுக்கு என்ன செய்வான் என்றுகூட யோசித்தேன்.
சோலைவள்ளி இப்போது சோற்றுக்கு என்ன செய்கிறாள் என்று
அப்புறம்தான் தோன்றியது.
அப்புறம்தான்.

சிக்கந்தர் அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார்.
பல்லவனை விட்டு ஜங்ஷனில் இறங்கும்போது எடுத்த படம்.
உயர்த்திய வலது கை.
மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி
பொருக்குத் தட்டிய மூன்று கோடுகள்.
“கீறலை எடுத்துரு தம்பி” என்றார்,
தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

நகம்.
கபடிக்காரன் நகம் வெட்டாமல் களத்தில் இறங்க முடியாது,
நடுவர் விரல் விரலாகப் பார்ப்பார்.

பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து
மேலே பூசினால் முடிந்தது, அரை நிமிஷ வேலை.
பூசவில்லை.
வீரம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.
ஆர்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
நாற்பத்தியோரு பேரையும் சிவப்பாக்கிக் கொடுத்தேன்,
சனிக்கிழமை சம்பளமும் வாங்கினேன்.

ஐந்து விளக்குப் பக்கம் ஃப்ளெக்ஸ் ஏறியது.
ஒவ்வொரு கீறலும் இப்போது சாண் நீளம்.
கீழே நின்ற யாருக்கும் கண்ணில் படவில்லை.
சவுக்குக் கம்பில் தொற்றிக் கயிறு கட்டிய பையன் மட்டும்,
மூக்கு உரசும் தூரத்திலிருந்து குனிந்து கேட்டான்:
“அண்ணே, இது யாரு பிடிச்ச பிடி?”

சொன்னேன்.
அதற்குள் சரவெடியைப் பற்றவைத்துவிட்டார்கள்.
அவன் காதில் விழுந்ததா, தெரியவில்லை.