மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்

காலையில் சத்தியம் செய்திருந்தேன்,
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று.
ஹேவ்லாக் சதுக்கம்.
விரல் விறைக்கும் ஏர்கான்.
சாட்சிக் கூண்டில் வீரமலை,
சாயல்குடிப் பக்கம்,
துவாஸ் கப்பல் பட்டறையில் ஆறு வருடம்.
இறந்தவர் பெயர் இன்னாசி.

வீரமலை சுற்றிச் சுற்றி வந்தார்.
விடியுமுன் லாரி, மழை,
இன்னாசி வாங்கிய பரோட்டா,
அதில் பாதி தனக்கு.
"சுருக்கமாக" என்றார் மரண விசாரணை அதிகாரி,
ஆங்கிலத்தில், பேனாவை மூடாமல்.
நான் தமிழில் தந்தேன்:
"சாரத்தை மட்டும் சொல்லுங்க."

எனக்கு அது பள்ளிக்கூடத்துச் சொல்.
மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால்
பத்து மதிப்பெண்.

அவருக்கு அது இரும்புக் குழாய்.
"சரிம்மா" என்று தொடங்கினார்.
அஞ்சு தட்டுச் சாரம்.
நாலாம் தட்டில் பலகை மூணு,
ரெண்டுக்குத்தான் கம்பி கட்டியிருந்துச்சு.
இடது மூலைக் கிளாம்பை முந்தின நாளே கழட்டியாச்சு,
பெயின்ட்காரங்களுக்கு வழிவிட.
பச்சை அட்டை மட்டும்
அப்படியே தொங்கிட்டிருந்துச்சு.

தவறாகப் புரிந்துகொண்டார் என்று
கை தூக்கப் போனேன்.
தூக்கவில்லை.
அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.
அவர் கேட்டதும் இதைத்தான் போல.

பிறகு சொன்னார்:
"சாரத்தை எடுத்து அவனை மூடினேன்."

நின்றுவிட்டேன்.
அவ்வளவு இரும்பையும் எடுத்து
ஒரு மனிதர் எப்படி இன்னொருவரை —
"விளக்கம் பெற
மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்."

கேட்டேன். வீரமலை வாய் திறக்கவில்லை.
இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுபோனார்.
ஒரு மடிப்பு, எதிர்மடிப்பு,
ஒரு செருகல்.
காற்றைத்தான் உடுத்திக்கொண்டார்.
"பையில இருந்துச்சும்மா.
வேலை முடிஞ்சு குளிச்சிட்டுக் கட்டுறதுக்கு.
நீலக் கட்டம் போட்டது."

எங்கள் வீட்டில் அது கைலி.
ஆங்கிலத்தில் எதுவும் நாக்கில் வரவில்லை.
"சாரோங்" என்றேன்.

குனிந்து தட்டிக்கொண்டிருந்த ரோஸ்னானி
நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.
தன் வீட்டுக் கொடியிலும் தொங்குகிற சொல்,
எந்தக் காலத்திலோ கப்பலேறி
சாயல்குடியில் சாரமாகி
இன்றைக்கு இந்தக் கூண்டில் வந்து நிற்கிறது.
எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி
என்னிடம் கேட்கவில்லை.

நீலக் கட்டம் என்பதையும் சொன்னேன்.
அது யாருக்கும் தேவைப்படவில்லை.