ஏழாவது புகைபோக்கி

வெளியே நின்று எண்ணினால் புகைபோக்கி ஏழு.
உள்ளே நடந்து எண்ணினால் கணப்பு ஆறு.
லாத்பரி மாளிகையில் நானூறு வருடமாக
ஒத்துவராத கணக்கு.

மெர்சி ஹார்க்நெட்டுக்கு விடை தெரியும்.
கொத்துவேலைக்காரி. சாரத்தில் ஏறி மூன்றாவது வாரம்.
நடுவில் ஒன்று, மேற்கே மூன்று என்றால்
கிழக்கேயும் மூன்று வேண்டாமா?
வீட்டின் முகம் கோணக்கூடாதென்று
காசு கொடுத்தவன் கட்டச்சொன்ன பொய்.
கீழேயும் இரண்டு உண்டு:
செங்கல்லில் கறுப்பைப் பூசி
வெள்ளைச் சட்டம் வரைந்த ஜன்னல்கள்.
புதிதாக வந்த தபால்காரர்
அதைப் பார்த்துக் கையசைத்திருக்கிறார்.

சுவரில் பொய் இல்லை.
சஃபோக் களிமண். எதிரே கிடக்கும் குளத்தைத்
தோண்டத் தோண்ட எழுந்தது.
வீடு எவ்வளவு உயரமோ
அவ்வளவுக்குக் கடன்பட்டிருக்கிறது தண்ணீரிடம்.
வாத்துகளுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

நெடுக்கே ஒரு கல், குறுக்கே ஒரு கல்.
சூளையில் நெருப்பை ஒட்டிக் கிடந்து
அளவுக்கு மேல் வெந்து
நீலம் பாய்ந்துபோன கற்களை
எறியாமல் பொறுக்கிவைத்துச்
சுவரெங்கும் சாய்சதுரம் போட்டிருக்கிறார்கள்.
நனைந்தால்தான் தெரியும்.
இன்று காலையிலிருந்து தூறல்.
தெரிகிறது.

ஏழாவதற்குள் கையை விடுகிறாள்.
காகங்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட சுள்ளி,
ஒன்பது சாக்கு.
ஆட்டுமயிர். ஒரு தேக்கரண்டி.
யாரோ தோற்ற குதிரைப் பந்தயச் சீட்டில் பாதி.
சாரத்திலிருந்து இறங்கி, பரணில் மண்டியிட்டு,
பூச்சு உதிர்ந்த ஓட்டை வழியே
அடிவரை துழாவிக் கையை எடுத்தால்
விரல் ஐந்தும் கறுப்பு.

கரி.
கணப்பில்லாத புகைபோக்கியில் கரி.

முதல் குளிர்காலமாக இருக்கும்.
கூரை ஏறாத சுவர்.
சுண்ணாம்பு உறைந்தால் உதிர்ந்துவிடும்,
விரலும் அப்படித்தான்.
நாலைந்து பேர்
புகையாதென்று சத்தியம் செய்து கட்டிய கூண்டின் அடியில்
மரத்தூளைக் கொளுத்திக் குந்தியிருப்பார்கள்,
லாத்பரிகள் யாரும் வருவதற்கு முன்னால்
இந்த வீட்டில் குளிர்காய்ந்தவர்கள்.
பிறகு வாயை அடைத்துப் பூசிவிட்டுக்
கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஊகம்தான்.
படிவத்தில் அவள் எழுதுவது:
'உட்புறம் கரி. காரணம் தெரியவில்லை.'
பென்சிலிலும் கறுப்பு ஒட்டுகிறது.

மறுபடி சாரத்தில் ஏறி
புகைபோக்கியின் வாயோரம் பிளாஸ்க்கை வைத்து
மூடியைத் திருகுகிறாள்.
தூறலுக்குள் தேநீரின் ஆவி
கொஞ்சம் தயங்கி, மேலே போகிறது.

கீழே கலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு
டென்ஸில் கத்துகிறான்:
'மெர்சி, அங்கே என்ன புகை?'