மூன்றரை மணி நேரம்

விசா மூவருக்கும் வந்தது.
விடுப்பு இருவருக்குத்தான்.

முதல் நாள், ஒற்றைப் பெட்டி ரயில்.
மறுநாள் முழுக்க மழை,
செண்பகாவின் ஈரக் காலுறை,
வெந்நீரில் கரைத்த ரசப்பொடி.
இன்று வயலோரம்
ஆளில்லாத காய்கறித் தட்டி:
ஆறு கத்தரிக்காய், நூறு யென், ஒரு தகர டப்பா.
காசு போட்ட பிறகும்
இதழினி நகரவில்லையாம்.
"எடுத்துக்கிட்டோம்னு யார்கிட்டம்மா சொல்றது?"

ஹூடி கேட்டருகே
தக்காளி வண்டிக்காரர் டீக்குப் போயிருக்கிறார்.
அரைக் கிலோ நானே நிறுத்தேன்,
ஒருவனுக்கு அது அதிகம்.
ஸ்கேன் செய்ததும்
இருபது ரூபாய் வந்ததென்று
கன்னடத்தில் கத்துகிறது பெட்டி
வெறும் தராசிடம்.

ஏழரை இங்கே.
அங்கே அவள் தூங்கியிருப்பாள்.
பின்னால் ஹாரன்கள்.
பையோடு நிற்கிறேன்,
வரட்டும் அந்த மனுஷன்.