முகத்துவாரம் – தடித்த சாய்வு

மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை
கல்லடியில் கரண்ட் இல்லை.
மேசையின் ஒரு கால் ஊறி, உப்பி,
பிறகு உதிர்ந்து குட்டையாகியிருந்தது.
அதில் வைத்துத்தான் எழுதினேன்,
போன தேர்தல் சுவரொட்டிகளின் வெள்ளை முதுகில்,
தட்டைத் தூரிகையால்.

எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தன,
வாடைக்கு எதிரே பாலத்தில்
சைக்கிள் மிதிப்பவனைப் போல.
பன்னிரண்டு பாகை.
ஏன் பன்னிரண்டு என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள்.
"வேகம்" என்று பதில் போட்டேன்.
மேசைக்கால் என்று எழுதினால் காசு குறைப்பார்கள்.

கொழுத்த எழுத்துகள். குஞ்சம் கொண்டை எதுவுமில்லை,
வெட்டிய இடத்தில் நின்றன.
ணகரத்தின் வளையங்கள் மை குடித்து அடைபட்டன;
மூச்சு விடட்டும் என்று ஊசியால் கீறித் திறந்தேன்.
புள்ளிகள் விழவில்லை, தெறித்தன. அப்படியே விட்டேன்.
ழவின் வால் காய்ந்த தூரிகையில் நார்நாராய்ப் பிரிந்தது;
அதுதான் எனக்குப் பிடித்தது.

இருநூற்று நாற்பத்தேழு.
பள்ளிக்கூடத்தில் எண்ணித் தந்த கணக்கு.
முகத்துவாரம் என்று பெயர் வைத்தேன்,
வெட்டிவிட்டதும் வாவி கறுத்துக் கடலுக்குள் பாயுமே,
அதற்காக.

முதலில் வாங்கியது ஒரு கோழிக்கடை.
அடுத்தது சாதாரணதரக் கணக்கு வகுப்பு.
ஒரு மரண அறிவித்தலிலும் கண்டேன்:
"காலமானார்" முன்னால் சாய்ந்து
பஸ் பிடிக்க ஓடுவது போல இருந்தது.

ஆனியில் காத்தான்குடியிலிருந்து ஒரு போன்.
"தங்கச்சி, உங்கட எழுத்தில ஷூ இல்ல.
அடிச்சா வெறும் பெட்டி ஒண்டுதான் வருகுது.
செருப்புக் கடைக்குப் பெட்டி பொருத்தம்தான்,
ஆனா உள்ளுக்க ஒண்டும் இல்லியே."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
"மறுகா என்ட பேரையும் அடிச்சுப் பார்த்தன்."

அ☐வத்.

நானே தட்டிப் பார்த்தேன்.
பிறகு பஸ்ஸைத் தட்டினேன். ஐஸை. ஜன்னலை.
பின்வளவு ஹம்சவேணியை.
பெட்டி, பெட்டி, பெட்டி.
இவையில்லாத தமிழை என் வீட்டில்
யார், எந்த நாள் பேசினார்?
நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின்
பாதிப் பெயர்கள் என் கணக்கில் இல்லை.
வெளியே தள்ளவில்லை நான்.
எண்ணவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவே தூரிகை எடுத்தேன்.
ஷ நெட்டுக்குத்தாய் நின்றது.
ஜ நிமிர்ந்து முறைத்தது.
மூன்று தாள் கிழித்தேன், விளங்கவில்லை.
குனிந்தபோதுதான் கண்டேன்:
தை மாதமே அண்ணன் மேசைக்காலுக்கு
ஒரு செங்கல் துண்டு கொடுத்திருந்தான்.

செங்கல்லை உருவினேன்.

பலகை ஏறிய படத்தை அஜ்வத் அனுப்பினார்.
பேரீச்சை மரங்களுக்குப் பின்னால் ஷூ,
வால் பிரிந்து, கறுத்து.
அவர் பெயரின் நடுப்புள்ளி மட்டும்
கொஞ்சம் அதிகமாய்த் தெறித்திருந்தது.

பஸ்ஸில் ஒரு பெட்டியும் வந்தது.
உள்ளே ஒரு சோடி, கறுப்பு,
அளவு ஒன்று பெரிது.
நுனியில் பஞ்சு வைத்துப் போடுகிறேன்.
நடக்கும்போது
கொஞ்சம் முன்னால் சாய்கிறது.